மாலத்தீவில் நான் மூடிய வால்வு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி நடந்து போன மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மோட்டார் ரூம் நோட்டில் ‘காலை திறந்தது, காலை மூடியது’ என்பது மட்டும். எங்கள் நூலகத்து அம்மாதான், “பேசச் சொன்னா தலைய குனிஞ்சிக்கிறீங்க, எழுதியாவது குடுங்களேன்” என்று புது நோட்டு ஒன்றைக் கையில் திணித்தார். அந்த நோட்டு பல நாள் அலமாரியில் சும்மா கிடந்தது.

என் பெயர் ஏகாம்பரம். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவது என் வேலை. தொட்டி நிரம்பி வழிந்தால் ஊரே திட்டும். அதனால் எங்கே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலும் என் கை தானாக எழுந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் பாதி இலையில் எழுந்து போய், கை கழுவுகிற இடத்தில் ஒழுகிய குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பெண் வீட்டார் சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று பயந்துபோனார்கள்.

என் மனைவி செல்வியின் தம்பி வேலு மாலத்தீவில் வேலை செய்கிறான். ஒரு சின்னத் தீவில் ஒரு விடுதி. அங்கே கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷினை ஓட்டுவது அவன் வேலை. பங்குனி மாதம் படகுத்துறையில் வழுக்கி விழுந்து வலது கை ஒடிந்துவிட்டது. விடுதிக்காரம்மா, “வீட்டிலிருந்து யாராவது துணைக்கு வந்தால் இருக்கலாம். மெஷின் ஒரு நாள் நின்றாலும் ஊருக்கு அனுப்பிவிடுவேன், வேறு ஆள் போட்டுக்கொள்வேன்” என்று சொல்லிவிட்டாராம். அந்த வேலைக்கு அவன் எத்தனை பேர் காலைப் பிடித்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

“இன்னா யோசிச்சிக்கினு கீற? போயி அவனுக்கு ரெண்டு வேளை ஊட்டி வுட்டுட்டு வா. அங்க யாரும் உன்ன மேடை ஏத்தி பேசச் சொல்லப் போறதில்ல” என்றாள் செல்வி.

பக்கத்து ஊர் ஆபரேட்டரிடம் மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். சிறுவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். இப்போது நான் வெளிநாட்டுக்காரன். எனக்குத்தான் தொப்பி இல்லை.

விமான நிலையத்திலேயே தண்ணீரால் ஒரு கஷ்டம் வந்தது. கையில் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எங்கள் தொட்டித் தண்ணீர். அதை உள்ளே கொண்டு போகக் கூடாது, குப்பைத் தொட்டியில் கொட்டு என்றார் சோதனை செய்கிற அம்மா. குப்பைத் தொட்டியில் தண்ணீரைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே நின்று முழுவதையும் குடித்தேன். பின்னால் வரிசை நின்றது. ஒருவர், “பெரியவரே, நிதானமா குடிங்க, பிளேன் ஒண்ணும் ஓடிடாது” என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, பெரியவர் என்று அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

அந்த ஒரு லிட்டர் விமானத்தில் என்னைப் பழிவாங்கியது. ஜன்னல் ஓர இடம். பக்கத்தில் ஒரு பெரிய உடம்புக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பக் கூச்சம். காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஜன்னலையே பார்த்தேன். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் அந்தக் காட்சியைத் தவறவிட்டிருப்பேன். கருநீலக் கடலில், சூடான கல்லில் மாவைத் தெளித்த மாதிரி வட்ட வட்டமாய்த் தீவுகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிர்ப்பச்சை வளையம். அந்த வளையம் ஓர் இடத்தில் கத்தியால் வெட்டியது போல் நின்று, அதற்கப்பால் ஒரே கருநீலம். ஏன் அப்படி வெட்டியிருக்கிறது என்று யாரைக் கேட்பது? பக்கத்தில் இருந்தவர் குறட்டை விட்டார்.

பிறகு படகு. அதில் வயிற்றில் இருந்த எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த முக்காடு போட்ட பாட்டியம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கடியில் வைத்து ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த பையன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னதில் எனக்குப் புரிந்தது: “அலையைப் பார்க்காதே, தூரத்தைப் பார்.” அப்படியே செய்தேன். வைத்தியம் கேட்டது.

படகுத்துறையில் வேலு மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

“இன்னா மாமா, வெளுத்துப் போயி கீற?”

“கடல்லாம் ஆடுதுடா.”

“கடல்னா ஆடாம? அக்கா இன்னா குடுத்து வுட்டுது?”

“கேழ்வரகு மாவு. அஞ்சு கிலோ.”

அவன் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்தா, மாவை நினைத்தா என்று தெரியவில்லை.

விடுதிக்காரம்மாவின் பெயர் அமீனா. என் வயதுதான் இருக்கும். நிமிர்ந்த நடை, சிரிக்காத முகம். தமிழ் தெரியாது. வேலுதான் அவர் பேசுவதை எனக்கும், நான் பேசுவதை அவருக்கும் சொல்வான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னதை வேலு இப்படிச் சொன்னான்: “நீ விருந்தாளியாம். தங்கலாம், சாப்பிடலாம், கடல பாக்கலாம். ஆனா மெஷின் பக்கம் எதையும் தொடக் கூடாதாம். வேலை செய்ய உனக்கு பேப்பர் இல்ல, மாட்டினா அவங்களுக்கு பேஜாராம்.”

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

மறுநாள் முழுவதும் நல்ல பிள்ளையாக இருந்தேன். வேலுவுக்குக் குளிக்க உதவி செய்தேன், தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். முப்பது வயது ஆளுக்கு ஊட்டும்போது அவனுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை முடித்தோம். காலை நாஷ்டாவுக்கு, துருவிய தேங்காயோடும் வெங்காயத்தோடும் பச்சை மிளகாயோடும் மீனைப் பிசைந்து, மெல்லிய ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். சமையல்காரர் ரபீக் வங்காள தேசத்துக்காரர். நான் மூன்றாவது ரொட்டிக்குத் தயங்கியபோது, கேட்காமலே தட்டில் போட்டார். கூச்சக்காரனுக்குத் தெய்வம் அப்படிப்பட்டவர்கள்தான்.

தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர ஒரு பீடி பிடிக்கிற நேரம் போதும். வீட்டுக்கு வீடு கூரையோரம் தகரக் கால்வாய், அதிலிருந்து ஒரு குழாய், கீழே மழைத் தொட்டி. கிணறும் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரை இப்போது யாரும் குடிப்பதில்லை, கழிவு இறங்கிவிட்டது என்றான் வேலு. பாலாற்றுப் பக்கம் கிணறுகள் கெட்ட கதை தெரிந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்காவது கொஞ்சம் தள்ளித் தோண்ட இடம் இருக்கிறது. இவர்களுக்குத் தள்ளிப் போனால் கடல்.

மேற்குக் கரையில், அலை ஒதுக்கிய குப்பையில் ஒரு தண்ணீர்ப் பாக்கெட் உறை கிடந்தது. வெளுத்துப் போயிருந்தது. ஆனால் ‘குடிநீர்’ என்ற தமிழ் எழுத்து நன்றாகத் தெரிந்தது. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். யாரோ வீட்டில் நம் வீட்டுக் குழந்தை அசிங்கம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கப்பலில் இருந்து விழுந்திருக்கலாம். எங்கள் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வாய் வழியாக வழிந்து, செய்யாற்றில் விழுந்து, பாலாற்றில் சேர்ந்து, கடலுக்குப் போய் வந்திருக்கவும் கூடும். யார் கண்டது?

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

விடியுமுன் எழுவது என் வழக்கம். வேலு மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கினான். நான் மட்டும் கரையோரம் நடந்தேன். விடுதிக்குப் பின்புறம், தாழை மரங்களுக்கு அப்பால், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நாலு அங்குலக் கருப்புக் குழாய். அதன் வாய் நிறையக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் பாறையில் விழுந்து கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டி நிரம்பி வழிகிறது, வேலு தூங்கிவிட்டான், அந்தம்மா பார்த்தால் இன்றைக்கே இவன் சீட்டுக் கிழிந்தது. இப்படித்தான் என் மனம் ஓடியது. ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். பல் விளக்கவில்லையே என்று வாயில் வைக்கவில்லை. மணலில் பத்தடி தள்ளிச் சக்கரம் வைத்த வால்வு ஒன்று இருந்தது. எதையும் தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வந்தபோது என் கை பாதிச் சுற்று சுற்றிவிட்டிருந்தது. மீதியையும் சுற்றி முடித்தேன். சத்தம் நின்றது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு திரும்பி வந்து, பல் விளக்கி, மூன்று ரொட்டி சாப்பிட்டேன்.

பத்து மணிக்குள் விடுதியில் குழாய்கள் காற்றைக் கக்கின. முந்தின நாள் வந்த கூட்டம் தொட்டியை ஏற்கெனவே காலி செய்திருந்தது. தலையில் சோப்பு நுரையோடு ஒரு வெள்ளைக்காரர் மாடியில் வந்து நின்றார். மெஷின் ரூமில் சிவப்பு விளக்கு. வேலு ஒற்றைக் கையால் அதை ஓட விடுவான், அது நாலு மூச்சு விட்டு நின்றுவிடும். மறுபடி ஓட விடுவான், மறுபடி நிற்கும். அவன் முகம் வேர்வையில் மின்னியது. நான் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிரஷர் ஏறுது மாமா. வேஸ்ட் தண்ணி வெளிய போவல. எங்கியோ அட்ச்சிக்கினு கீது.”

“வேஸ்ட் தண்ணியா?”

“கடல்லேர்ந்து இழுக்கிறோம்ல? அதுல கொஞ்சம்தான் நல்ல தண்ணியாவும். மீதி, உப்பு கூடிப்போயி, பின்னால கருப்பு பைப்புல கடலுக்கே போயிடும். அது போனாத்தான் இது ஓடும்.”

எங்கள் ஊர்க் கேன் தண்ணீர்க் கடையிலும் வேஸ்ட் தண்ணீர் போகும், தெரியும். ஆனால் அது விரல் தடிமன் குழாய். நாலு அங்குலத்துக்கு ஒன்று இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்?

“வேலு” என்றேன். “அந்த பைப்ப நான்தான்டா மூடினேன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

ஓடிப்போய்த் திறந்தான். மெஷின் ஓடியது. ஆனால் அதற்குள் அமீனா அம்மா அங்கே வந்து நின்றுவிட்டார். வால்வை மூடியது யார் என்று கேட்டார். அந்த மொழி தெரியாத எனக்கே அந்தக் கேள்வி புரிந்தது.

வேலு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

அந்தம்மா அமைதியாக இரண்டே வார்த்தை சொன்னார். ரபீக் தலையைக் குனிந்துகொண்டார். “இன்னாடா சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மாமா. நாளைக்கு போட்டுல போவச் சொல்றாங்க. நீ வாய மூடிக்கினு இரு. நீ தொட்டேனு தெரிஞ்சா அவங்களுக்குத்தான் பேஜாரு. எனுக்கு கை செரியானா வேற வேலை கெடைக்கும்.”

கெடைக்காது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நான் கிராம சபைக் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்தவன் இல்லை. மோட்டார் ரூம் கூரை ஒழுகுகிறது என்று சொல்லவே மூன்று வருஷம் ஆயிற்று, கடைசியில் அதையும் செல்விதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ஓரடி முன்னால் வைத்து, “அம்மா, மூடனது நான்தான்” என்றேன்.

அந்தம்மா வேலுவைப் பார்த்தார். வேலு ஏதோ சொன்னான். அதில் ‘ஜாப்’ என்றும் ‘ப்ளீஸ்’ என்றும் கேட்டது. நான் அவன் வேலைக்காகக் கெஞ்சுகிறேன் என்று மாற்றிச் சொல்கிறான், படவா.

“டேய், ஒழுங்கா சொல்றா.”

“மாட்டேன் மாமா.”

வேறு வழியில்லை. அந்தம்மாவைக் கையால் ‘வாங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டு கரைப் பக்கம் நடந்தேன். அவர் வந்தார். வேலு, ரபீக், வேலைக்காரர்கள், சோப்பு நுரைக்காரர், எல்லோரும் பின்னால் வந்தார்கள். நான் மணலில் படுத்தேன். குறட்டை விட்டேன். எழுந்தேன், சோம்பல் முறித்தேன். நடந்தேன். காதில் கை வைத்தேன். ‘சளசள’ என்று வாயாலே சத்தம் செய்தேன். தலையில் கை வைத்து ‘ஐயோ’ என்றேன். வேலுவைக் காட்டி, தூங்குவது போல் கன்னத்தில் கை வைத்தேன், கழுத்தில் கத்தி வைக்கிற மாதிரிக் காட்டினேன். ஓடிப்போய் வால்வைப் பிடித்துக் கரகரவென்று சுற்றினேன்.

நிஜமாகவே மூடிவிட்டேன். நடிப்பு என்பது என் கைக்குத் தெரியவில்லை.

மெஷின் ரூமில் ‘டொப்’ என்று ஒரு சத்தம். எல்லாம் நின்றது.

“ஐயோ மாமா! மறுபடியுமா?” என்று அலறினான் வேலு.

அமீனா அம்மாவின் உதடு முதலில் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சோப்பு நுரைக்காரர் கை தட்டினார். எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது.

சிரித்து முடித்ததும் அவர் ஏன் மூடினாய் என்று கேட்டார். “தண்ணி வீணாப் போவுதேனுதான்” என்றேன். இந்த முறை வேலு ஒழுங்காகச் சொன்னான். அவர் மணலைத் தட்டிவிட்டு எழுந்து சொன்னது இது: “நான் சின்னவளாக இருந்தபோது மழைத் தொட்டித் தண்ணீர் மட்டும்தான். ஒரு குவளை சிந்தினால் என் அம்மா கையில் அடிப்பாள். என் அம்மா உங்கள் ஊர்க்காரியாக இருந்திருப்பாள் போலிருக்கிறது.”

வேலு போக வேண்டாம் என்றார். ஆனால் ஒரு தண்டனை உண்டு என்றார். அன்று இரவுச் சாப்பாடு நான் சமைக்க வேண்டும்.

களி கிண்டினேன். ரபீக், ரசம் போலத் தெளிந்த மீன் சாறு வைத்திருந்தார். களியைக் கிள்ளி உருட்டி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அமீனா அம்மா மென்றார். களி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அவர் பேச்சே நின்றுவிட்டது. “ஒரு வருஷத்துல இந்த மேடம் வாய மூடி இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றான் வேலு தமிழில். என்ன சொன்னான் என்று அவர் சைகையில் கேட்க, உப்பு சரியாக இருக்கிறது என்றானாம்.

அடுத்த நாள் அந்தம்மாவின் தம்பி என்னைச் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் கொடுத்தார். நான் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஏரியிலும் கிணற்றிலும் நீந்தியவன்தான். ஆனால் எங்கள் ஏரியில் கண்ணைத் திறந்தால் தெரிவது சேறு. இங்கே தலையைக் கவிழ்த்ததும் நான் வானத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது.

கடலை மாமல்லபுரத்தில் காணும் பொங்கலுக்குப் பார்த்திருக்கிறேன். கால் நனைத்திருக்கிறேன். அதற்கு ஓர் அடி உண்டு, அந்த அடியில் மேடு, பள்ளம், சந்து, வாசல் எல்லாம் உண்டு என்று நினைத்ததே இல்லை. முதலில் காற்று வரி போட்ட மாதிரி வெள்ளை மணல். பிறகு புல்வெளி. அதில் ஒரு ஆமை, வயலில் மாடு மேய்வது போல நிதானமாக மேய்ந்தது. பிறகு பவளப் பாறைகள். மான்கொம்பு மாதிரி, காலிஃபிளவர் மாதிரி, கவிழ்த்த அண்டா மாதிரி. சந்துகளில் மஞ்சள் மீன்கள் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி வந்தன. ஒரு மீன் பவளத்தைக் கடிக்கிற ‘கறக் கறக்’ சத்தம் முறுக்குக் கடிப்பது போல் கேட்டது. நான் தண்ணீருக்குள்ளேயே சிரித்து, குழாயில் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் அந்த விளிம்பு வந்தது.

விமானத்திலிருந்து பார்த்தேனே, கத்தியால் வெட்டியது போல. அதுதான். தரை அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்பால் சுவர் கீழே கீழே போய், நீலமாகி, கருநீலமாகி, ஒன்றுமில்லாமல் ஆனது. சூரியக் கதிர்கள் கம்பி கம்பியாக அதற்குள் இறங்கின. அடி தெரியவில்லை. அந்தம்மாவின் தம்பி பிறகு வேலு மூலமாகச் சொன்னார்: இந்தத் தீவுகளெல்லாம் கடலுக்கடியில் இருக்கிற பெரிய மலைத்தொடரின் உச்சிகள், ஆதியில் நெருப்பு மலை, அதன் தலையில் பவளப் பூச்சிகள் கட்டிய வீடுதான் நாம் நிற்கிற மணல். ஒரு மலையின் உச்சியில் உட்கார்ந்து நான் மூன்று நாளாக ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பும்போது கருப்புக் குழாய்ப் பக்கமாக நீந்தினேன். அங்கே கண்டது வேறு. குழாய் வாய்க்கு எதிரே ஒரு நெல் களம் அளவுக்குப் பவளம் செத்து, சாம்பல் நிறத்தில் பாசி பிடித்துக் கிடந்தது. வெயிலில் தார் ரோட்டின் மேல் காற்று நெளியுமே, அது போலத் தண்ணீருக்குள் கனத்த தண்ணீர் ஒன்று தரையோடு தரையாக நெளிந்து ஊர்ந்தது. மஞ்சள் மீன்கள் அந்த எல்லை வரை வந்து திரும்பிப் போயின.

இப்போது எனக்குச் சைகை பழகிவிட்டது. அமீனா அம்மாவிடம் மீன் வருவதையும், மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புவதையும் நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்தார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். “விளிம்பு வரைக்கும் பைப்ப இழுத்தா அங்க தண்ணி இழுப்பு கீதுல்ல, உப்பு கலைஞ்சிடும். நம்ம ஊர்ல நான் இதவிட நீளமா இழுத்துக் கீறேன்” என்று வேலு மூலமாகச் சொன்னேன். அவர் செய்யலாம் என்றார். ‘செய்யலாம்’ என்ற வார்த்தையைப் பஞ்சாயத்தில் நிறையக் கேட்டவன் நான். அதனால் நம்பவில்லை. இருந்தாலும் அவர் தம்பியும் நானும் கயிறு பிடித்துக் கரையிலிருந்து விளிம்பு வரை அளந்து, அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வேலுவிடம் கொடுத்தோம்.

கிளம்புகிற முந்தின நாள் மழை வந்தது. முதல் துளி விழுந்ததும் தீவே வெளியே ஓடிவந்தது. கூரை அழுக்குப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் மழையை விட்டுவிட்டு, பிறகு குழாய்களைத் தொட்டிகளுக்குத் திருப்பினார்கள். எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்த பாட்டியம்மா எதிர் வீட்டுக்காரி என்று அன்றுதான் தெரிந்தது. அவருடைய குழாயை நான் திருப்பிவிட்டேன். அமீனா அம்மா பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

மழை கடல்மேலும் பெய்தது. பெய்துகொண்டே இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு படம் வரைந்தேன்: கடல், அங்கிருந்து மேகத்துக்கு ஓர் அம்பு, மேகத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு. வாத்தியார் சரி போட்டார். ஆனால் அந்தக் கடைசி அம்பை நான் மனதார ஒப்புக்கொண்டதே இல்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போதெல்லாம், ‘வீணாகக் கடலுக்குப் போகிறதே’ என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அந்த மழையில் நனைந்துகொண்டு நின்றபோது, கடலுக்குப் போனது எதுவும் வீணில்லை என்று தோன்றியது. நாம் கூடச் சேர்த்து அனுப்புகிறதுதான் வீண். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அந்தத் தண்ணீர்ப் பாக்கெட் உறை இருந்தது. அதை ஊருக்கே கொண்டுவந்து மோட்டார் ரூம் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கேட்பவர்களுக்கு, மாலத்தீவில் வாங்கியது என்று சொல்கிறேன்.

இன்று காலை தொட்டியை நிரப்பி மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். செல்வி சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தாள். வேலு போன் செய்தான். மாவுக்கட்டு எப்போதோ பிரித்தாயிற்று. குரலில் ஒரே துள்ளல்.

“மாமா, கருப்பு பைப்பாண்ட நிக்கிறேன். மெஷின் ஓடிக்கினு கீது. போனை பைப்பு பக்கத்துல வெக்கிறேன். இன்னா கேக்குதுனு சொல்லு.”

காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். சின்ன அலை வந்து போகிற சத்தம். ஒரு பறவை. வேறொன்றும் இல்லை.

“ஒண்ணியும் கேக்கலியேடா. தண்ணி விழுற சத்தமே இல்ல.”

“அதான் மாமா! பைப்பு விளிம்பு வரிக்கும் போயிடுச்சி. நீ முடிச்சி போட்ட கயிறு, ஒரு அடி கூட தப்பல. நேத்து நானே ரெண்டு கையாலயும் புடிச்சி எறக்கினேன். மேடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க: இனிமே நீ எப்ப வேணா வந்து தங்கலாமாம். மூடறதுக்குத்தான் ஒண்ணும் இல்லியாம்.”

அவன் போனை வைத்த பிறகும் நான் சும்மா காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். “எவன்யா அது, பேசாமலே உன்ன இப்பிடி சிரிக்க வெக்கிறான்?” என்றாள் செல்வி. வெளியே தூறல் பிடித்தது. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன்.

ஆடி பதினெட்டு.